மூன்று முறை உடைந்த போர்க்

பிரான்சின் தெற்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரெனே மலைகளில் சான்ட்-மரி-தெ-கம்பான் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. டூர்மலே கணவாயிலிருந்து கிழக்கே இறங்கும் சாலை அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஒரு காலத்தில் கொல்லுப்பட்டறையாக இருந்த கட்டடத்தின் சுவரில் 1951-ல் ஒரு நினைவுக்கல் பதித்தார்கள். பிற்பாடு ஊரில் ஒரு சிலையும் வைத்தார்கள். மீசைக்காரர் ஒருவர் சைக்கிளின் போர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கவையை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கும் சிலை அது. அவர் பெயர் யூஜென் கிறிஸ்தோஃப். பிரான்சைச் சுற்றிப் பல நாள் ஓடும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 11 முறை கலந்துகொண்டவர். ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘துரதிர்ஷ்டசாலி’ என்ற ஒரே சொல்லில் அவரை முடித்துவிடுகிறார்கள். 1913, 1919, 1922 என்று மூன்று டூர்களில் அவருடைய போர்க் உடைந்தது. இப்படி ஒரு மனிதருக்கு நேர்ந்தால் விதி என்றுதான் சொல்லத் தோன்றும். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. அன்றைய சாலை, அன்றைய இரும்பு, அன்றைய விதிமுறை, அவருக்குச் சம்பளம் கொடுத்த சைக்கிள் கம்பெனிகளின் கணக்கு, இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் விதியின் மேல் பழி போட வேண்டிய தேவையே வராது. அதைவிட, அந்த ஒரு சொல் அவருடைய 22 வருட உழைப்பை மறைத்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிறிஸ்தோஃப் 1885 ஜனவரி 22 அன்று பாரிஸை ஒட்டிய மலகோஃப் என்ற ஊரில் பிறந்தார். பூட்டு, சாவி, இரும்பு வேலை கற்றுக்கொண்ட தொழிலாளி. அரம் பிடிக்கவும், இரும்பைக் காய்ச்சி அடிக்கவும், துளை போடவும் பழகிய கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும். 1904-ல் அவர் தொழில்முறை சைக்கிள் வீரரானார்.

தொழில்முறை வீரர் என்றால் அப்போது என்ன பொருள்? மோட்டார் வண்டி பணக்காரர்களின் பொருளாக இருந்த காலம். உழைக்கும் மக்கள் காசு சேர்த்து வாங்கக்கூடிய வண்டி சைக்கிள்தான். பிரான்சில் பேஜோ, அல்சியோன், லா பிரான்சேஸ் என்று பல கம்பெனிகள் போட்டி போட்டு விற்றுக்கொண்டிருந்தன. எந்தக் கம்பெனி சைக்கிள் உறுதியானது என்று ஜனங்களுக்கு எப்படிக் காட்டுவது? முன்னூறு, நானூறு கிலோமீட்டர் கரடுமுரடான சாலையில் ஒரு மனிதனை ஏற்றி ஓட்டவிட்டு, முதலில் வந்தால் அதையே விளம்பரமாகப் போடுவார்கள். வீரருக்குச் சம்பளமும் பரிசு மேல் போனஸும் கம்பெனி தரும். பந்தயத்தை நடத்துவது பத்திரிகை. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ‘லோத்தோ’ பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது, பச்சைத் தாளில் வந்த ‘ல வேலோ’வுக்குப் போட்டியாக. 1903-ல் முதல் டூர் நடப்பதற்கு முன் சுமார் 25,000 பிரதிகள் போய்க்கொண்டிருந்த பத்திரிகை, பந்தயம் முடிந்ததும் 65,000-ஐத் தொட்டது. ஆக, சைக்கிள் மிதித்தவர்களின் வியர்வையில் ஒரு பக்கம் சைக்கிள் விற்றது, இன்னொரு பக்கம் பேப்பர் விற்றது.

பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி தெக்ரான்ஜ்தான் பந்தயத்தின் சர்வாதிகாரி. அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஜெயிப்பது மனிதனாக இருக்க வேண்டும், கம்பெனியின் பணமோ அதன் ஆள்பலமோ ஜெயிக்கக் கூடாது. கம்பெனிகளின் தயவில் பந்தயம் நடத்திக்கொண்டே கம்பெனிகளைச் சந்தேகப்பட்டவர் அவர். ஒரே ஒரு வீரர் மட்டும் பாரிஸ் வந்து சேரும் டூர்தான் தன் கனவு என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். கியர் மாற்றும் கருவியை 1937 வரை டூரில் அனுமதிக்கவில்லை. மலை வந்தால் வீரர் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட வேண்டும். ஹப்பின் ஒரு பக்கம் சமதளத்துக்கு ஒரு பல்சக்கரம், மறுபக்கம் ஏற்றத்துக்குப் பெரிய பல்சக்கரம். உபரி டயர்களை எட்டுப் போல மடக்கித் தோளில் மாட்டிக்கொள்வார்கள். இதற்கெல்லாம் மேலே இருந்த விதி இது: வண்டியில் எது பழுதானாலும் வீரரே சரிசெய்ய வேண்டும். யாருடைய கையும் படக் கூடாது.

இந்த உலகத்தில் கிறிஸ்தோஃப் எப்படிப்பட்ட ஆள் என்று காட்டியது 1910 ஏப்ரல் 3 அன்று நடந்த மிலான்-சான்ரெமோ பந்தயம். தூரம் சுமார் 290 கிலோமீட்டர். மிலானில் கிளம்பும்போதே நல்ல குளிர். போகப் போகப் பனி. கடற்கரைப் பக்கம் இறங்குவதற்கு முன் டுர்க்கினோ கணவாயைத் தாண்ட வேண்டும். ஏறும்போது அவருக்குக் கால்கள் மரத்துப் போய், விரல்கள் மடங்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலை. உச்சியைக் கடந்து பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்கப் பனி. சில இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. முன்னால் போன பெல்ஜிய வீரர் சிரில் வான் ஹவார்ட் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு சாலையோரம் நிற்பதைப் பார்த்தார். அவர் பந்தயத்தை விட்டுவிட்டார்.

கிறிஸ்தோஃபும் ஓர் இடத்தில் வயிற்றுவலி தாங்காமல் நின்றுவிட்டார். அந்த வழியாக வந்த ஒருவர் அவரைப் பக்கத்து விடுதிக்குக் கூட்டிப்போனார். இத்தாலிய மொழியில் அவருக்கு வாயில் வந்தது ‘வெந்நீர்’ என்ற சொல் மட்டும். விடுதிக்காரர் துணியைக் கழற்றி, போர்வை சுற்றி, ரம் கொடுத்து நெருப்பருகில் உட்கார வைத்தார். இன்னும் சில வீரர்களும் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் நெருப்பை விட்டு எழுந்திருக்கத் தயாராக இல்லை. கிறிஸ்தோஃப் கொஞ்ச நேரத்தில் கை கால்களை உதறிப் பார்த்துக்கொண்டு, ஒரு நீளக் கால்சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, விடுதிக்காரர் தடுத்தும் கேட்காமல் வெளியே போனார். சன்னல் வழியே பார்த்தபோது சேறு அப்பிய சிலர் சாலையில் போவதைக் கண்டிருந்தார். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அப்போது அவர் நினைப்பு.

பிடித்தார், தாண்டினார். சான்ரெமோவை நெருங்கும்போது தான் முதலிடத்தில் இருக்கிறோமா, வழி தவறி வந்துவிட்டோமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. சாலையில் வேறு யாருமே இல்லையே! 12 மணி நேரம் 24 நிமிடத்தில் முடித்தார். அடுத்து வந்த லூயிஜி கன்னா நடுவழியில் மோட்டார் வண்டியில் ஏறியதற்காக நீக்கப்பட்டார். அதனால் இரண்டாம் இடம் பெற்ற ஜியோவன்னி கொக்கி வந்தது ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. கிளம்பிய அறுபது எழுபது பேரில் முடித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வெற்றிக்குக் கிடைத்த கூலியையும் சொல்ல வேண்டும். கைகள் பனியில் உறைந்ததால் ஒரு மாதம் ஆஸ்பத்திரி, உடம்பு முழுதாகத் தேற ஏறக்குறைய இரண்டு வருடம். இருபத்தைந்து வயதில் ஒரு நாள் சம்பாத்தியத்துக்கு இரண்டு வருட உடம்பைக் கொடுத்திருக்கிறார்.

1912 டூரில் அவர் திரும்பி வந்தார். அடுத்தடுத்து மூன்று கட்டங்களை, அதாவது மூன்று நாள் ஓட்டங்களை, ஜெயித்தார். அதில் மூன்றாவது ஷாமோனியிலிருந்து கிரெனோபிள் வரை 366 கிலோமீட்டர். அதில் 315 கிலோமீட்டர் தன்னந்தனியாக முன்னால் ஓடினார். தனியாகப் பிரிந்து போய் ஜெயித்ததில் டூர் வரலாற்றில் அதுதான் மிக நீளம் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வருடம் பட்டம் பெல்ஜியத்தின் ஓதில் தெஃப்ரேவுக்குப் போனது. காரணம் எளிது. 1905 முதல் 1912 வரை டூரில் நேரத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை, கட்டத்துக்குக் கட்டம் வந்த இடத்துக்குப் புள்ளி கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் முந்தி வந்தாலும் ஒரு சக்கர நீளம் முந்தி வந்தாலும் ஒரே புள்ளிதான். 315 கிலோமீட்டர் தனியாக ஓடுகிற மனிதனுக்கு அந்தக் கணக்கில் லாபமே இல்லை. தெஃப்ரே 49 புள்ளி, கிறிஸ்தோஃப் 108. குறைந்த புள்ளிக்காரர் வென்றார். அடுத்த வருடமே புள்ளி முறையை விட்டுவிட்டு மறுபடி நேரக் கணக்குக்கு மாறினார்கள்.

1913 ஜூலை 9-க்கு வருவோம்.

ஆறாவது கட்டம், பயோனிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினார்கள். ஓபிஸ்க், டூர்மலே, ஆஸ்பன், பெய்ரசூர்த் என்று பெரிய மலைகள் எல்லாம் ஒரே நாளில். டூர்மலே மட்டும் 2,115 மீட்டர் உயரம். தார் போட்ட சாலையை மனதில் நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். ஜல்லியும் சேறும் கலந்த மலைப்பாதை. அன்று காலை பட்டியலில் தெஃப்ரே முதலிடம், சுமார் ஐந்து நிமிடம் பின்னால் கிறிஸ்தோஃப் இரண்டாமிடம். டூர்மலே அடிவாரத்திலேயே தெஃப்ரே விலகிவிட்டார். உச்சியை முதலில் தாண்டியவர் ஃபிலிப் தைஸ், பின்னாலேயே கிறிஸ்தோஃப். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த நேரத்தில் ஒட்டுமொத்த டூரிலும் கிறிஸ்தோஃப்தான் முன்னால் இருந்தார். நினைவுக்கல்லில் அவரைப் ‘பொதுப்பட்டியலில் முதல்வர்’ என்று பொறித்திருக்கிறார்கள். அதிகாரப்பூர்வமாக அது சரியில்லை என்று சிலர் குறை சொல்வதுண்டு. அந்த மலையில், அந்த மணி நேரத்தில், அது உண்மைதான்.

இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது ஹேண்டில்பாரில் ஏதோ சரியில்லை என்று அவர் கைக்குப் பட்டது. பிரேக் பிடித்து நிறுத்திப் பார்த்தால் போர்க் உடைந்திருக்கிறது. ஒரு மோட்டார் வண்டி உரசியதால் ஆனது என்று ஒரு கதையும் உண்டு. அவர் பிற்காலத்தில் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. போர்க் உடைந்தது என்று அந்தச் சமயத்தில் வெளியே சொல்ல முடியவில்லை, சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு அது கெட்ட விளம்பரம் என்றார். யோசித்துப் பாருங்கள். வாழ்நாளின் மிகப் பெரிய வாய்ப்பு கையில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. அப்போதும் முதலாளியின் பெயர் கெடக் கூடாது என்ற நினைப்பு. தொழில்முறை வீரர் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏற்றத்தில் அவர் பின்னால் விட்டுவந்தவர்கள் எல்லோரும் இப்போது அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார். சுமார் பத்து கிலோமீட்டர் நடை. குறுக்குப் பாதையில் இறங்கலாம் என்று பார்த்தாராம். அழுகையில் கண் மறைத்ததால் பாதையே தெரியவில்லையாம். சான்ட்-மரி-தெ-கம்பானுக்குள் நுழைந்ததும் ஒரு சின்னப் பெண் எதிரே வந்தாள். அவள்தான் ஊரின் மறுகோடியில் இருந்த கொல்லர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கொல்லர் பெயர் லெகோம்த். நல்ல மனிதர், நானே செய்து தருகிறேன் என்று முன்வந்தார். அதற்குள் பந்தய அதிகாரிகளும், போட்டிக் கம்பெனிகளின் ஆட்களும் பட்டறை வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். வேறு யாரும் தொடக் கூடாது!

ஆக, பூட்டுத் தொழிலாளி மறுபடி பட்டறையில் நின்றார். லெகோம்த் வாயால் வழி சொல்ல, கிறிஸ்தோஃப் கையால் செய்தார். ஏற்ற அளவில் குழாய்த் துண்டு தேடி, உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, பொருத்தி, துளை போட்டு. நம் கடைகளில் வெல்டிங் பொறி பறக்கப் பத்து நிமிடத்தில் முடிக்கிற காரியம்போல் இதை எண்ண வேண்டாம். கரி உலையில் இரும்பைப் பதமாகக் காய்ச்ச வேண்டும். கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது, கொஞ்சம் மிஞ்சினால் மெல்லிய குழாய் தீய்ந்துவிடும். இரண்டு கையும் இரும்பின் மேல் இருக்கும்போது துருத்தியை யார் ஊதுவது? பட்டறையில் இருந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் ஊதிக் கொடுத்தான். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

வேலை மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. காவல் நின்றவர்களில் சிலருக்குப் பசி, சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று பார்த்தார்கள். பசித்தால் கரியைத் தின்னுங்கள், நான் உங்கள் கைதி, நீங்கள் என் சிறைக்காவலர், கடைசி வரை இங்கேதான் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு பரவியிருக்கிறது. வார்த்தை அப்படியேதானா என்பதற்கு நான் பொறுப்பல்ல. ஆனால் அந்தப் பட்டறையின் சூடு அந்தப் பேச்சில் இருக்கிறது. போர்க்கை மாட்டி முடித்ததும் ரொட்டியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பனும் பெய்ரசூர்தும் இன்னும் பாக்கி. கையால் ஒட்டிய போர்க்கை நம்பி இரண்டு மலை இறக்கம். லூஷோனுக்கு அவர் வந்தது தைஸுக்கு 3 மணி 50 நிமிடம் கழித்து. அப்படி வந்தும் அவருக்குப் பின்னால் இன்னும் பல பேர் வந்துகொண்டிருந்தார்கள் என்பதிலிருந்தே அது எப்படிப்பட்ட நாள் என்று புரியும். துருத்தி ஊத ஆள் வைத்ததற்கு 10 நிமிட அபராதம் போட்டார்கள். அப்புறம் அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரத்தை இழந்தவரிடம்! இறுதியில் ஏழாம் இடம்.

இனி அந்தப் போர்க்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இறங்கும் இரண்டு கால்கள் மேலே ஒரு கிரீடம் போன்ற துண்டில் சேர்கின்றன. அங்கிருந்து ஒற்றைக் குழாயாக ஃபிரேமுக்குள் ஏறி ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது. சக்கரம் கல்லில் மோதும் ஒவ்வொரு முறையும் மொத்த அடியும் போய்ச் சேர்வது அந்தச் சந்திப்பில்தான். பிரேக் பிடிக்கும்போதும் அங்கேதான் வளைக்கிறது. பற்றவைத்த இடம் வேறு, சூடு கூடிப்போயிருந்தால் இரும்பு அங்கே பலவீனமாகத்தான் இருக்கும். ஒரே அடியில் இரும்பு உடைவது அபூர்வம். லட்சம் சின்ன அடிகளில் முடி அளவு விரிசல் விட்டு, பெயின்ட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வளர்ந்து, ஒரு நாள் விட்டுவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். ரயில் அச்சுகள் இப்படி உடைவதைப் பற்றி ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19-ம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். ஆகவே விஷயம் தெரியாத உலகம் இல்லை அது. எடையைக் குறைக்க மெல்லிய குழாய் வேண்டும், ஜெயிக்க வேகமான வண்டி வேண்டும், சாலையோ ஜல்லி. ஒரு வீரர் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி ஓட்டினால் போர்க் உடைவது எப்போது என்பதுதான் கேள்வி. உடையுமா என்பது கேள்வியே இல்லை.

இதற்கு அதே டூரிலேயே சாட்சி உண்டு. கிறிஸ்தோஃபின் சக பேஜோ வீரரும் அந்த வருடம் வென்றவருமான தைஸுக்கும், பாரிஸ் சேர இரண்டே கட்டம் இருக்கும்போது போர்க் உடைந்தது. அவர் ஒரு சைக்கிள் கடையில் உதவி வாங்கிச் சரிசெய்துகொண்டார். அபராதம் 10 நிமிடம். அவ்வளவுதான், பட்டம் அவருக்கு. அடுத்த வருடம் 1914-ல் அதே தைஸ் உடைந்த சக்கரத்துக்குப் பதில் புதுச் சக்கரம் வாங்கி மாட்டினார். விதிமீறல். 30 நிமிட அபராதம், அப்படியும் 1 நிமிடம் 50 நொடி வித்தியாசத்தில் அவரே ஜெயித்தார். இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. லெகோம்த் கையால் பத்தவைத்து வாங்கியிருந்தால் கிறிஸ்தோஃபுக்கு என்ன அபராதம் போட்டிருப்பார்கள்? அதிகாரிகள் வாசலில் நிற்கும்போது அந்தச் சோதனையைச் செய்து பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வராது. தைஸ் உதவி வாங்கினார், கிறிஸ்தோஃப் விதிமுறைக்குக் கட்டுப்பட்டார். இருவரில் யாரைக் குறை சொல்வது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. விதிமுறையை ஆளுக்கொரு விதமாக அமல்படுத்தியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு யுத்தம். டூரில் வென்ற மூன்று பேரை அது கொண்டுபோனது. ஃபிரான்சுவா ஃபாபர் 1915-லும், ஆக்டாவ் லபீஸ், லூசியன் பெட்டி-பிரெதோன் இருவரும் 1917-லும் இறந்தார்கள். கிறிஸ்தோஃபின் வயதில் 30 முதல் 33 வரை, ஒரு வீரனின் நல்ல வருடங்கள், டூரே நடக்காமல் கழிந்தன.

1919 ஜூன் கடைசியில் டூர் மறுபடி தொடங்கியபோது நாடே சிதைந்து கிடந்தது. டயர் கிடைக்கவில்லை, குழாய் கிடைக்கவில்லை, தனித்தனி அணி வைக்கக் கம்பெனிகளுக்கு வசதியில்லை. பல கம்பெனிகள் சேர்ந்து ‘லா ஸ்போர்தீவ்’ என்று ஒரே பெயரில் வீரர்களை இறக்கின. பாதிப் பேர் ஒரே சாம்பல் நிறச் சட்டை. 15 கட்டம், 5,560 கிலோமீட்டர். ஒரு கட்டம் மட்டும் 482 கிலோமீட்டர்! 67 பேர் கிளம்பினார்கள். வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்தான், டூர் வரலாற்றிலேயே மிகக் குறைவு. சாலையின் லட்சணம் அந்த ஒரு எண்ணில் தெரியும்.

முன்னணியில் இருந்த ஆன்ரி பெலிசியே நான்காம் கட்டத்தில் பின்தங்கிப் பந்தயத்தையே விட்டுப் போக, கிறிஸ்தோஃப் முதலிடத்துக்கு வந்தார். சாம்பல் கூட்டத்தில் முதலிடத்துக்காரர் யார் என்று ஜனங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பத்திரிகைத் தாளின் நிறத்திலேயே ஒரு மஞ்சள் சட்டை தைத்து, ஜூலை 19 அன்று கிரெனோபிளில் கிறிஸ்தோஃபுக்குப் போட்டுவிட்டார் தெக்ரான்ஜ். இன்று உலகமே அறிந்த மஞ்சள் சட்டை அதுதான், போட்ட முதல் ஆள் இவர்தான். (யுத்தத்துக்கு முன்பே தான் மஞ்சள் சட்டை போட்டதாகத் தைஸ் பிற்காலத்தில் சொன்னார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.) அவருக்கோ அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. போகிற வழியெல்லாம் ‘கானரிப் பறவை’ என்று கேலி செய்தார்களாம்.

பாரிஸுக்கு முந்தின கட்டம் மெட்ஸிலிருந்து டன்கர்க் வரை 468 கிலோமீட்டர். யுத்தம் உழுதுபோட்ட வட பிரான்ஸ். இரண்டாம் இடத்தில் இருந்த பெல்ஜியத்தின் ஃபிர்மா லாம்போவைவிட 28 நிமிடம் முன்னால் இருந்தார் கிறிஸ்தோஃப். வாலன்சியன் அருகே கல் பாவிய சாலையில் போர்க் உடைந்தது. பக்கத்தில் ஒரு சைக்கிள் பட்டறை இருந்தது மட்டும்தான் இந்தத் தடவை வித்தியாசம். மறுபடி தன் கையாலேயே ஒட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உடம்பும் மனசும் ஓய்ந்து டன்கர்க் வந்து சேர்ந்தபோது 28 நிமிட முன்னிலை போய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்னடைவு. மஞ்சள் சட்டை லாம்போவுக்குப் போனது. கடைசிக் கட்டத்திலும் பஞ்சர் மேல் பஞ்சர். மூன்றாம் இடம்.

இதற்கு ஜனங்கள் கொடுத்த பதில்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. லோத்தோ பத்திரிகை நிதி திரட்ட ஆரம்பித்தது. பத்திரிகையில் நன்கொடைப் பட்டியல் பத்தி பத்தியாக நீண்டது. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற ஊர்களிலிருந்தும் சில்லறை வந்தது. முடிவில் 13,000 பிராங்குக்கு மேல் சேர்ந்தது. டூரை வென்றவருக்கான பரிசு 5,000 பிராங்க். தோற்றவருக்கு ஜெயித்தவரைப் போல இரண்டரை மடங்கு. அதை வெறும் பரிதாபம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கையில் இருந்த வேலை எப்படிப்பட்டது என்று அந்த நாட்டின் பட்டறைத் தொழிலாளிகளுக்குத் தெரியும். பழுதான சாமானைத் தானே ரிப்பேர் செய்துகொண்டு ஷிஃப்டை முடிக்கிற ஆளை அவர்கள் தங்களில் ஒருவராகப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1920-ல் பாரிஸ்-டூர் பந்தயத்தையும், 1920, 1921 இரண்டு வருடமும் போர்தோ-பாரிஸ் பந்தயத்தையும் வென்றார். சேற்றிலும் வயல்வரப்பிலும் சைக்கிளைத் தோளில் தூக்கி ஓடும் சைக்ளோகிராஸில் 1909 முதல் 1914 வரை தொடர்ந்து ஆறு முறையும், 1921-ல் ஏழாம் முறையும் பிரான்ஸ் சாம்பியன். டூர்மலேயில் பத்து கிலோமீட்டர் சைக்கிளைச் சுமந்தவருக்கு அந்தத் தோள் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இந்த விளையாட்டுதான் பதில்.

1922-ல், 37 வயதில், மறுபடி மஞ்சள் சட்டை போட்டார். அந்தச் சட்டையை அணிந்தவர்களில் இன்றுவரை மூத்தவர் அவரே. அந்த டூரிலும் ஆல்ப்ஸ் மலையில், கலிபியே கணவாய் இறக்கத்தில், போர்க் உடைந்தது. மூன்றாம் முறை. எட்டாம் இடத்தில் முடித்தார். அந்த வருடமும் லாம்போவே வென்றார். கடைசி டூர் 1925-ல், 40 வயதில். 18-ம் இடம். அடுத்த வருடம் தொழில்முறைப் பந்தயங்களிலிருந்து விலகினார்.

விதிமுறை பிற்பாடு மெல்ல இளகியது. 1930-ல் கம்பெனி அணிகளை எடுத்துவிட்டு நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார் தெக்ரான்ஜ். அந்த வருடம் மஞ்சள் சட்டையில் இருந்த ஆந்த்ரே லெதுக் மலை இறக்கத்தில் விழுந்தார், கொஞ்ச தூரத்தில் பெடலும் உடைந்தது. பிரெஞ்சு அணியினர் சூழ்ந்துகொண்டு, வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் சைக்கிளிலிருந்து பெடலைக் கழற்றி மாட்டி, அவரைத் தட்டி எழுப்பி, கூடவே இழுத்துக்கொண்டு போய் முன்னால் போனவர்களைப் பிடித்தார்கள். லெதுக் அந்தக் கட்டத்தையும் ஜெயித்தார், டூரையும் ஜெயித்தார். கொல்லுப்பட்டறைக்கும் இதற்கும் நடுவே 17 வருடம்.

கிறிஸ்தோஃப் தன் சொந்த ஊரான மலகோஃபில் சைக்கிள் கடை வைத்தார். 1970 பிப்ரவரி 1 அன்று, 85 வயதில் காலமானார். பெடலில் கால் நழுவாமல் இருக்க ஷூவின் முனையைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு வளையமும் தோல் வாரும் அவர் பெயரில் விற்பனைக்கு வந்தன. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் புது வகைப் பெடல்கள் வரும்வரை, பல பத்தாண்டுகளுக்குப் பந்தய வீரர்களின் சைக்கிள்களில் அந்த வார் இருந்தது, மேலே ‘கிறிஸ்தோஃப்’ என்று பெயர் பொறித்து.